தட்டைத் திருப்பிப் போடுங்கள்: ஸ்கா சேர்க்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

நீங்கள் ஸ்கா இசைத்தட்டுகளைச் சேர்க்க ஆரம்பித்திருப்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. உங்கள் அலமாரிகளில் இதுவரை சேர்ந்திருப்பவை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. 'தி ஸ்பெஷல்ஸ்' குழுவின் முதல் ஆல்பம், 'மேட்னெஸ்' ஒன்றிரண்டு, 'நோ டவுட்'டின் 'டிராஜிக் கிங்டம்', இளவயது பாப் மார்லியின் ஏதாவது ஒரு தொகுப்பு. அடுத்து என்ன வாங்கலாம் என்று ஒருவரை ஒருவர் கேட்கிறீர்கள். பதிலுக்குக் குழுக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்காவுக்குள் வெகுதூரம் போக முடியாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

1960-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில் ஸ்கா ஆல்பமாகப் பிறக்கவில்லை. ஏழு அங்குலத் தட்டில், பக்கத்துக்கு ஒரு பாட்டாக, பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இசையாகப் பிறந்தது. அதை வாசித்தவர்களும் ஏராளமானவர்கள் இல்லை. ஒரு சிறு வட்டத்தைச் சேர்ந்த கலைஞர்கள் காலையில் ஒரு தயாரிப்பாளருக்கும் மாலையில் அவருடைய எதிராளிக்கும் மாறி மாறி வாசித்தார்கள். தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் பாடகர் பெயர் இருக்கும், தயாரிப்பாளர் பெயர் இருக்கும். சில தட்டுகளில் வெறும் வெள்ளைக் காகிதம் மட்டும் இருக்கும். பின்னால் வாசித்தவரின் பெயரைத் தேடினால் கிடைப்பது அபூர்வம். அதனால் நான் சொல்லும் வழி இது: லேபிளைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். ஊதுகிறவரைக் காதால் அடையாளம் கண்டுகொண்டு, அவர் போகிற இடமெல்லாம் போங்கள்.

முதலில் தாளம் காதில் பிடிபட வேண்டும். நாலு நாலாக எண்ணுங்கள். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் சரி நடுவில், நம் கச்சேரிக்காரர்கள் அரை இடம் என்பார்களே, அங்கே கிட்டாரும் பியானோவும் சட்டென்று வெட்டிவிட்டு உடனே அடங்கும். டபுள் பேஸ் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். டிரம்ஸின் அழுத்தம் இரண்டிலும் நாலிலும் விழும். இதன் மேல் டிராம்போன், டிரம்பெட், சாக்ஸபோன் மூன்றும் சேர்ந்து ஒரு மெட்டை எடுத்துக்கொடுக்க, பிறகு ஒருவர் மட்டும் முன்னால் வந்து தன் மனப்போக்கில் வாசித்துவிட்டுப் போவார். அந்த ஒருவர் யார் என்பதுதான் நம் கேள்வி.

லேபிளை நம்ப முடியாத நிலைமைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1950-களில் கிங்ஸ்டனின் ஏழை மக்கள் நடனமாடியது சவுண்ட் சிஸ்டங்களின் முன்னால். பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள், ஒரு டர்ன்டேபிள், அமெரிக்காவிலிருந்து வந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் தட்டுகள். டியூக் ரீட் முன்னாள் போலீஸ்காரர், மதுக்கடை வைத்திருந்தவர். அவருக்குப் போட்டி கிளெமென்ட் 'காக்ஸன்' டாட். தன்னிடம் மட்டும் இருக்கும் தட்டின் பெயர் எதிராளிக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வில்லிஸ் ஜாக்சன் என்ற சாக்ஸபோன் கலைஞரின் 'லேட்டர் ஃபார் த கேட்டர்' தட்டை இப்படித்தான் காக்ஸன் டாட் 'காக்ஸன் ஹாப்' என்று தன் பெயரிட்டு ஒலிக்கவிட்டார். அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் வந்து, ஜமைக்காக்காரர்களுக்குப் பிடித்த பாணியில் புதிய தட்டுகள் வருவது குறைந்தபோது, சவுண்ட் சிஸ்டக்காரர்களே உள்ளூர்க் கலைஞர்களை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். 1959-ல் வெளிவந்த தியோஃபிலஸ் பெக்ஃபோர்டின் 'ஈஸி ஸ்னாப்பின்' கேட்டுப் பாருங்கள். அமெரிக்க நடைதான், ஆனால் பியானோவின் அழுத்தம் இடம் மாறத் தொடங்கிவிட்டது. ஒரு இசை இன்னொன்றாக மாறுகிற நேரத்திலேயே பிடிபட்ட பதிவு அது. உங்கள் சேகரிப்பு அங்கிருந்து தொடங்கினால் நன்றாக இருக்கும்.

அந்தக் கலைஞர்கள் எங்கிருந்து வந்தார்கள்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கிங்ஸ்டனின் சவுத் கேம்ப் சாலையில் ஆல்ஃபா பள்ளி என்று ஒன்று. 1880-ல் தொடங்கிய நிறுவனம். பிறகு மெர்சி சபைக் கன்னியாஸ்திரிகளின் பொறுப்பில் வந்தது. ஆதரவற்ற பையன்கள், வீட்டில் அடங்காதவர்கள் என்று ஒப்படைக்கப்பட்டவர்கள், கஞ்சிக்கு வழியில்லாதவர்கள் அங்கே வளர்ந்தார்கள். அச்சுத் தொழில், தச்சு, தையல், தோட்ட வேலை எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். கூடவே ஒரு பேண்டு வாத்தியக் குழுவும் இருந்தது. அந்தக் குழுவில் நோட்டு பார்த்து வாசிக்கப் பழகி வெளியே வந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள்: டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், ஜானி 'டிஸ்ஸி' மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங், ரிக்கோ ரொட்ரிகஸ். ஸ்காவின் ஊதுகருவி வரிசையில் பெரும்பகுதி ஒரே பள்ளியின் முற்றத்திலிருந்து வந்தது.

அங்கே இருந்த சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் டேவிஸை ஒவ்வொரு இசைத்தட்டுச் சேகரிப்பாளரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இளம் வயதிலேயே கன்னியாஸ்திரியாகி, 2003-ல் இறக்கும்வரை அந்தப் பையன்களோடே இருந்தவர். ஜாஸ், ப்ளூஸ், லத்தீன் இசை, மேற்கத்திய செவ்வியல் என்று தட்டுகளைத் தேடித்தேடி வாங்கினார். பையன்களைக் கூட்டி உட்காரவைத்து அவற்றைப் போட்டுக்காட்டினார். பிற்பாடு சவுண்ட் சிஸ்டமே ஒன்றை வாங்கி, பள்ளியில் தானே தட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டார். யாரிடம் எந்தக் கருவி நன்றாகப் பேசும் என்று பார்த்துச் சொல்லும் கண்ணும் அவருக்கு இருந்தது. சேகரிப்பு என்பதை இவரைவிடச் சிறப்பாகச் செய்தவரை நான் அறியேன். அவர் வாங்கிய தட்டுகள் அலமாரியில் நின்றுவிடவில்லை. கேட்ட பையன்களின் கைவழியாகப் புதிய இசையாக வெளியே வந்தன.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்லிவிட ஆசை. அல்டோ சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டும் ஆல்ஃபா பையன்தான். லண்டனுக்குப் போய் ஜாஸ் வாசித்தவர். கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயருடன் சேர்ந்து, சித்தாரும் தபலாவும் ஒரு பக்கம், ஜாஸ் குழு மறுபக்கம் என்று 1966-ல் 'இண்டோ-ஜாஸ் சூட்' என்ற ஆல்பத்தைத் தந்தார். அது ஸ்கா இல்லை. ஆனாலும் டான் டிரம்மண்டின் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைக்கலாம். இருவருக்கும் ஒரே பள்ளி.

பள்ளிக்கு அப்பால் ஹவானாவும் இருக்கிறது. மெக்குக், ரிக்கோ, ஆல்ஃபாவில் படிக்காத ரோலண்ட் அல்ஃபோன்சோ மூவரும் கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர்கள். ஸ்காவின் சில மெட்டுகளில் கேட்கிற லத்தீன் சாயலைக் கவனிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1964-ன் நடுவில் இந்தக் கலைஞர்கள் 'ஸ்காட்டலைட்ஸ்' என்ற பெயரில் ஒரு குழுவானார்கள். மெக்குக்கும் அல்ஃபோன்சோவும் டெனர் சாக்ஸபோன், ஸ்டெர்லிங் அல்டோ, மூர் டிரம்பெட், டிரம்மண்ட் டிராம்போன், லாயிட் பிரெவெட் டபுள் பேஸ், லாயிட் நிப் டிரம்ஸ், ஜா ஜெரி ஹெய்ன்ஸ் கிட்டார், பியானோவில் பதினாறு வயது ஜாக்கி மிட்டூ. 1965 ஆகஸ்டில் குழு கலைந்துவிட்டது. பதினான்கு மாத அளவுக்குத்தான் ஆயுள். ஆனால் இவர்கள் அந்தப் பெயருக்கு முன்னும் பின்னும் எல்லாருக்கும் வாசித்தவர்கள் என்பதால், 1962 முதல் 1966 வரை கிங்ஸ்டனில் பதிவான எந்தத் தட்டை எடுத்தாலும் இவர்களில் சிலராவது அதில் இருக்க வாய்ப்பு அதிகம். 1964-ல் ஜமைக்காவைக் கலக்கிய வெய்லர்ஸின் 'சிம்மர் டவுன்' பாட்டை மார்லிக்காக வாங்கியிருப்பீர்கள். அடுத்தமுறை பாடுபவரை விட்டுவிட்டுப் பின்னால் ஊதுபவர்களைக் கேளுங்கள்.

டான் டிரம்மண்டைத் தனியாகக் கேட்க வேண்டும். மற்றவர்கள் நடனத்துக்காக வாசிக்கும்போது இவருடைய டிராம்போன் மட்டும் துயரத்தோடு, மைனர் ஸ்கேலில், எங்கோ தனியாகப் போய்க்கொண்டிருக்கும். கீழே தாளம் துள்ளும், மேலே மெட்டு அழும். 'ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்ட் டைம்', 'மேன் இன் த ஸ்ட்ரீட்', 'கன்ஃபியூஷியஸ்', 'அடிஸ் அபாபா' ஆகிய நான்கையும் அடுத்தடுத்துக் கேட்டால் அவர் குரல் உங்களுக்குப் பழகிவிடும். அதன்பிறகு எந்தத் தொகுப்பில், யார் பெயரில் இருந்தாலும் அவரைக் கண்டுகொள்வீர்கள்.

அவரைப் பற்றிப் பேசும்போது மார்கரிட்டாவைச் சொல்லாமல் விடுவதை நான் ஏற்கவில்லை. அனிதா மஹ்ஃபூத் என்ற இயற்பெயர் கொண்ட அவர் கிங்ஸ்டனின் புகழ்பெற்ற ரம்பா நடனக்காரி. ராஸ்தஃபாரி மதத்து மேளக்காரர்களைக் கண்டாலே நகரத்து மேடைகள் ஒதுக்கிய காலத்தில், கவுண்ட் ஆஸியின் மேளக் குழு தன்னோடு மேடையேறாவிட்டால் தானும் ஆட மாட்டேன் என்று நின்றவர். 1965 புத்தாண்டு நாட்களில் டிரம்மண்ட் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். மனநலம் குன்றியவர் என்று தீர்ப்பாகி, பெல்வ்யூ மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, 1969 மே மாதம் அங்கேயே இறந்தார். பல தொகுப்புகளின் உறைக்குறிப்புகள் இதை ஒரு மேதையின் சோகக்கதையாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. கொலையுண்டவரும் கலைஞர். அவர் பாடிய 'வுமன் கம்' என்ற பாட்டு பதிவாகியிருக்கிறது. மேளமும் அவர் குரலும் சேரும் அந்தப் பாட்டுக்கு ஸ்காவில் ஈடு கிடையாது. டிரம்மண்டை வாங்குகிறவர்கள் இதையும் தேடி வாங்குங்கள்.

இன்னும் ஒரு இரவைச் சொல்ல வேண்டும். ஜஸ்டின் யாப் என்ற இளம் சீன ஜமைக்கத் தயாரிப்பாளர், 'டாப் டெக்' என்ற லேபிள் வைத்திருந்தவர், 1964 நவம்பரில் காக்ஸன் டாட்டின் ஸ்டுடியோ ஒன்னை வாடகைக்கு எடுத்து ஸ்காட்டலைட்ஸை இரவு முழுக்க வாசிக்கவைத்தார். மற்றவர்களைவிட அதிகச் சம்பளம் கொடுத்தார், சாப்பாடும் போட்டார். கறுப்பின விடுதலைத் தலைவர் மார்கஸ் கார்வியின் உடல் லண்டனிலிருந்து ஜமைக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட மாதம் அது. 'தி ரீபரியல்' என்ற மெட்டு அந்த நினைவில்தான். 'ரிங்கோ' என்ற மெட்டு ஜப்பானியப் பாடகி ஹிபாரி மிசோரா 1950-களில் பாடிய பாட்டிலிருந்து வந்தது. ஜமைக்காக்காரர்கள் ஜப்பானிய மெட்டை வாசித்தார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து டோக்கியோவில் 'டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்கெஸ்ட்ரா' எழுந்தது. 'ஸ்கா-பூ-டா-பா' என்ற ஆல்பத்தில் டாப் டெக் பதிவுகள் கிடைக்கும். யாப் காட்டிய தாராளம் இசையிலும் தெரிகிறது. கலைஞர்கள் அவசரமில்லாமல் வாசித்திருக்கிறார்கள்.

பாடகர்களைப் பற்றி நீங்களே நிறையச் சொல்வீர்கள். டெரிக் மார்கன், டெஸ்மண்ட் டெக்கர், மேட்டல்ஸ், ஜிம்மி கிளிஃப் எல்லாரும் வேண்டியவர்களே. டோரீன் ஷேஃபர், ஹார்டென்ஸ் எல்லிஸ் இருவரையும் விட்டுவிடாதீர்கள். 1964-ல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடம்வரை போன மில்லி ஸ்மாலின் 'மை பாய் லாலிபாப்' பாட்டை விளையாட்டுப் பாட்டு என்று ஒதுக்குகிறவர்கள், அதன் வாத்திய ஏற்பாட்டைச் செய்துகொடுத்தவர் கிட்டார் மேதை எர்னஸ்ட் ராங்லின் என்பதை மனதில் வைத்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பிரின்ஸ் பஸ்டருக்கு மட்டும் தனி இடம் கொடுங்கள். குத்துச்சண்டைக்காரர், காக்ஸன் டாட்டிடம் வேலை பார்த்துப் பிறகு பிரிந்து தனக்கென சவுண்ட் சிஸ்டம் வைத்தவர். கவுண்ட் ஆஸியின் மேளத்தை 'ஓ கரோலினா' வழியாக முதன்முதலில் தட்டில் ஏற்றியவர் அவர். லண்டனில் எமில் ஷலிட் 1960-ல் தொடங்கிய 'ப்ளூ பீட்' லேபிள் இவருடைய தட்டுகளை அங்கே வெளியிட்டது. ப்ளூ பீட்டின் 'அல் கபோன்' தட்டை எடுத்துத் திருப்பிப் போட்டால் பின்பக்கத்தில் 'ஒன் ஸ்டெப் பியாண்ட்'. முன்பக்கத்தை அடித்தளமாக வைத்து 1979-ல் ஸ்பெஷல்ஸ் 'கேங்ஸ்டர்ஸ்' செய்தது. பின்பக்கத்தை அதே ஆண்டு மேட்னெஸ் தன் ஆல்பத்துக்கே பெயராக வைத்தது. மேட்னெஸ் என்ற குழுவின் பெயரும் பஸ்டரின் ஒரு பாட்டுத்தான். ஒரு சிறு தட்டின் இரண்டு பக்கங்கள் பிரிட்டனில் ஒரு இசை அலையையே கிளப்பின.

இதனால்தான் முதல் அலை, இரண்டாம் அலை, மூன்றாம் அலை என்று அலமாரியைப் பிரிப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. பிரித்தவுடன் கிங்ஸ்டன் ஏதோ முன்னுரை போலவும் ஸ்பெஷல்ஸின் ஊரான கோவென்ட்ரி அசல் கதை போலவும் ஆகிவிடுகிறது. ஊதுகிறவரைப் பின்தொடர்ந்தால் இடைவெளியே கிடையாது. ரிக்கோ ரொட்ரிகஸையே பாருங்கள். ஆல்ஃபாவில் டிரம்மண்டிடம் டிராம்போன் பழகினார், வரெய்க்கா குன்றில் கவுண்ட் ஆஸியோடு வாசித்தார், 1961-ல் லண்டன் போனார். டாண்டி லிவிங்ஸ்டன் 1967-ல் பாடிய 'ரூடி, எ மெசேஜ் டு யூ' தட்டில் டிராம்போன் ரிக்கோ. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்பெஷல்ஸ் அதே பாட்டை எடுத்தபோதும் டிராம்போன் ரிக்கோவேதான். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டு, பாட்டின் தொடக்கத்தை மட்டும் கேளுங்கள். அவருடைய 'மேன் ஃப்ரம் வரெய்க்கா' (1977) ரெகே ஆல்பம் என்றாலும் உங்களிடம் இருந்தாக வேண்டும். பர்மிங்ஹாம் இளைஞர்களின் 'தி பீட்' குழுவிலும் இதே கதை. அங்கே சாக்ஸபோன் வாசித்த சாக்ஸா ஜமைக்காவில் பிறந்தவர், பிரின்ஸ் பஸ்டரோடும் லாரல் எய்ட்கனோடும் வாசித்த மூத்தவர்.

கோவென்ட்ரிக்கே உரிய பெருமையும் உண்டு. ஜெரி டேமர்ஸ் தொடங்கிய 'டூ டோன்' லேபிளில் கறுப்பர்களும் வெள்ளையரும் சேர்ந்து நின்றார்கள், அதுவும் இனவெறிக் கும்பல்கள் தெருவில் நின்ற காலத்தில். 1981-ல் அந்த ஊரில் சத்னாம் சிங் கில் என்ற இளைஞர் கொல்லப்பட்ட பிறகு ஸ்பெஷல்ஸ் இனவெறிக்கு எதிராக அங்கேயே கச்சேரி நடத்தியது. அதே ஆண்டு கோடையில் பிரிட்டனின் நகரங்கள் கலவரத்தில் எரிந்துகொண்டிருக்க, 'கோஸ்ட் டவுன்' மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அதிலும் டிராம்போன் யார் என்று உங்களுக்கு இப்போது சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்க ஸ்காவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பங்க் வேகத்தோடு ஸ்காவைக் கலந்தவர்களில் 'ஆபரேஷன் ஐவி'யின் 'எனர்ஜி' (1989) என்றும் நிற்கும். அந்தப் பாணியில் பின்னால் வந்த பல தட்டுகளில் ஊதுகருவிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்குச் சொல்ல எதுவும் இல்லை. அந்தக் காசை நியூயார்க்கின் 'ஸ்லாக்கர்ஸ்', லாஸ் ஏஞ்சலஸின் 'ஹெப்கேட்' இருவருக்கும் கொடுங்கள். இவர்கள் ஸ்காட்டலைட்ஸைக் கருத்தாகக் கேட்டவர்கள். அர்ஜென்டினாவின் 'லோஸ் ஃபாபுலோசோஸ் காடிலாக்ஸ்', மெக்சிகோவின் 'பான்டியோன் ரொகோகோ' வழியாக ஸ்பானிய உலகத்துக்கும் போய்வாருங்கள். நம் நாட்டில் டெல்லியின் 'ஸ்கா வெஞ்சர்ஸ்' இருக்கிறது. விடுதலைப் புரட்சியாளர் உத்தம் சிங் சூட்டிக்கொண்ட 'ஃபிராங்க் பிரேசில்' என்ற பெயரிலேயே ஒரு பாட்டு செய்திருக்கிறார்கள்.

வாங்கும் விஷயத்தில் ஒன்று. பழைய ஜமைக்கத் தட்டுகளுக்கு ஆசைப்பட்டுப் பெரும் பணத்தைக் கொட்டாதீர்கள். அன்றைய ஜமைக்க அச்சில் இரைச்சல் அதிகம், நடுத் துளை தள்ளிப்போய் மெட்டு அலையும் தட்டுகளும் உண்டு. டோக்கியோவின் 'டப் ஸ்டோர் ரெக்கார்ட்ஸ்' அக்கறையோடு மறுபதிப்புகள் போடுகிறது. 1962-66 காலத்துப் பாட்டுகளுக்கு 'ஐலண்ட்' நிறுவனத்தின் 'இன்டென்சிஃபைட்!' தொகுப்பு, பஸ்டருக்கு 'ஃபேபுலஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'. இவை போதும், வருஷக்கணக்கில் கேட்கலாம்.

கையில் ஒரே ஒரு ஆல்பத்துக்குத்தான் காசு இருக்கிறது என்கிறவர்களுக்கு என் பதில், ஸ்காட்டலைட்ஸின் 'ஃபவுண்டேஷன் ஸ்கா'. காக்ஸன் டாட்டின் ஸ்டுடியோவில் பதிவானவை, 'ஹார்ட்பீட்' 1997-ல் இரண்டு சி.டி.யாக வெளியிட்டது. உறையைப் பார்க்காமல் கேளுங்கள். தனியாக முன்னால் வந்து வாசிப்பவர் யார் என்று நீங்களே ஊகித்து, பிறகு சரிபாருங்கள். உங்களுக்குப் பிடித்ததை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கும்போது குழுவின் பெயரோடு நிறுத்திவிடாமல் பாட்டின் பெயரையும் அதில் ஊதியவரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். நான் கேட்டிராத பாட்டுகள் இதில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன.

அன்புடன்,
உங்களோடு தட்டுத் தேடும் ஒரு தோழர்